நாலு வயசுப் பிள்ளையிடம் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் பத்திரிகையில் பன்னிரண்டு பிள்ளைகளிடம் பெரியவர்களானதும் என்ன ஆவீர்கள் என்று கேட்டு, போட்டோவோடு அரைப்பக்கம் போட்டிருந்தீர்கள். நான் விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். ஆறு டாக்டர், மூன்று கலெக்டர், இரண்டு விஞ்ஞானி, ஒரு போலீஸ் அதிகாரி. எல்லாரும் ஏழாவது எட்டாவது படிக்கிறவர்கள். டாக்டர்கள் ஆறு பேரும் ஏழைகளுக்கு இலவசமாக வைத்தியம் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள், கலெக்டர்கள் மூன்று பேரும் ஊழலை ஒழிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளைகளைக் குறை சொல்ல வரவில்லை, நல்ல பிள்ளைகள், நல்லா இருக்கட்டும். ஆனால் எனக்கு அதைப் படித்ததும் பழைய ஞாபகம் வந்து அன்றைக்கு மத்தியானம் தூக்கம் வரவில்லை. அந்தப் பதில்களை எங்கே சொல்லிக்கொடுப்பார்கள், எப்படிச் சொல்லிக்கொடுப்பார்கள் என்று எனக்குத் தெரியும். சொல்லிக்கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி.

நான் 34 வருஷம் அங்கன்வாடியில் வேலை பார்த்துப் போன வருஷம் ரிட்டயர் ஆனவள். பால்வாடி டீச்சர் என்றால்தான் எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் புரியும். கன்னியாகுமரி மாவட்டம். அந்த வேலைக்கு வர வேண்டும் என்று நான் ஒருநாளும் ஆசைப்பட்டதில்லை. நான் ஆசைப்பட்டது பஸ் ஓட்ட.

சிரிக்காதீர்கள், முழுவதும் படியுங்கள்.

நான் பிறந்த ஊர் குலசேகரத்துக்கும் பேச்சிப்பாறைக்கும் நடுவில் ரோட்டோரம். அப்பாவுக்கு ரப்பர் பால்வெட்டு, விடியும் முன்னால் விளக்கை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விடுவார். ராத்திரி ஒன்பதரைக்கு வரும் கடைசி பஸ் எங்கள் ஊரிலேயே நின்றுவிடும், ஸ்டே பஸ் என்போம். காலையில் ஐந்து பத்துக்கு அதே வண்டிதான் நாகர்கோவிலுக்கு முதல் வண்டி. டிரைவரும் கண்டக்டரும் வண்டிக்குள்ளேயே படுப்பார்கள், மழை பெலத்து உள்ளே ஒழுகினால் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுவார்கள். அம்மா சுக்கு வெந்நீர் கொடுப்பாள். காலையில் ரேடியேட்டருக்கு ஊற்ற ஒரு குடம் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. அதற்குக் கூலியாக டிரைவர் மாமா என்னைத் தூக்கி அவர் சீட்டில் இரண்டு நிமிஷம் உட்கார வைப்பார். அப்போது எனக்கு எட்டு ஒன்பது வயது இருக்கும்.

அந்தச் சீட்டை இப்போதும் சொல்ல முடியும். சீட்டின் முதுகில் ஒரு துண்டு, அதில் வேர்வையும் டீசலும் கலந்த ஒரு வாசனை. இடது பக்கம் பெரிய பெட்டி மாதிரி இன்ஜின், அதன்மேல் கனமான மூடி, பானட். மழைக்காலத்தில் அந்தப் பானட்டில் உட்கார இடம் கிடைத்தவர்கள் பாக்கியவான்கள், சித்திரை மாதம் அதே இடத்தில் உட்கார்ந்தால் தோசைக்கல்தான். கியர் கம்பியின் தலையில் கண்ணாடி மாதிரி ஒரு உருண்டை, அதற்குள் ஒரு சிவப்பு ரோஜாப்பூ. பூ எப்படி உள்ளே போனது என்று பல ராத்திரி யோசித்திருக்கிறேன். எங்கள் பக்கம் ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. வைப்பர் பாதி நாள் வேலை செய்யாது. மாமா ஒரு பீடியை எடுத்துப் பிரித்து, உள்ளே இருக்கும் புகையிலையை உள்ளங்கையில் கொட்டி, ஈரமான முன்கண்ணாடியில் வட்டம் வட்டமாகத் தேய்ப்பார். அதற்கப்புறம் மழைத்தண்ணீர் கண்ணாடியில் துளித்துளியாக நிற்காது, ஒரே சீராக வழிந்து ஓடிவிடும், ரோடு தெரியும். வித்தைக்காரன் செய்கிற வேலை மாதிரி பார்த்துக்கொண்டு நிற்பேன்.

பஸ்ஸின் பக்கவாட்டில் 'கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகம்' என்று எழுதியிருக்கும். 1974-ல் அந்தக் கழகம் வந்தபோது எனக்கு ஒன்பது வயது. நான் எழுத்துக்கூட்டாமல் ஒரே மூச்சில் வாசித்த முதல் பெரிய வார்த்தை 'போக்குவரத்து'தான். அப்புறம் எங்கள் மாவட்டத்து வண்டிகளில் நேசமணி பெயர் வந்தது, 1997-ல் தமிழ்நாடு முழுவதும் தலைவர்கள் பெயரையெல்லாம் எடுத்துவிட்டார்கள். எங்களுக்கு அரசு பஸ் என்பது அதற்கெல்லாம் முன்னாலேயே பழகிய சமாச்சாரம். 1938-ல் திருவிதாங்கூர் ராஜா காலத்தில் அரசாங்க பஸ் ஓட ஆரம்பித்தபோது முதல் தடமே திருவனந்தபுரம் கன்னியாகுமரிதான். அப்போது நாங்கள் அந்த சமஸ்தானம், 1956-ல்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். 'மெட்ராஸ்காரனுக்கு முந்தி நாம கவர்மென்ட் பஸ்ல போனோம் மக்கா' என்று டிரைவர் மாமா தான் ஏதோ அந்த முதல் பஸ்ஸை ஓட்டியவர் மாதிரிச் சொல்வார். 1938-ல் அவர் பிறந்தே இருக்க மாட்டார்.

வீட்டில் அரிசி புடைக்கிற சுளகுதான் என் ஸ்டீயரிங். உலக்கை கியர். இரண்டு தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்து வைத்தால் கிளட்சும் பிரேக்கும். மாமா கிளட்சை ஒருமுறை மிதித்து விட்டு, ஒரு உறுமல் கொடுத்து, மறுபடி மிதித்துக் கியர் போடுவார், அதே மாதிரி நானும் இரண்டு தடவை சிரட்டையை மிதிப்பேன். அதற்கு டபுள் கிளட்ச் என்று பெயர் என்பது பிறகுதான் தெரியும். வளைவு வந்தால் சீட்டைவிட்டுப் பாதி எழுந்து சுளகை மார்போடு இழுத்துத் திருப்புவேன். தம்பிதான் ஒரே பாசஞ்சர், காசு கொடுக்காமல் பாதிவழியில் இறங்கிச் சாப்பிடப் போய்விடுவான்.

நாலாம் வகுப்பில் ஒருநாள் சார் எல்லாரையும் எழுப்பிக் கேட்டார். பெரிய ஆளாகி என்ன ஆவீர்கள். என் முறை வந்ததும் பஸ் டிரைவர் என்றேன். ஒரு நொடி அமைதியாக இருந்தது, அப்புறம் வகுப்பு இடிந்து விழுந்தது. சார் கெட்டவர் இல்லை, அவரும் சிரித்துவிட்டு, 'அப்படிச் சொல்லப்படாது பிள்ளே, பொம்பளப் பிள்ளைன்னா நர்ஸ்னு சொல்லணும், டீச்சர்னு சொல்லணும்' என்றார். அவ்வளவுதான் நடந்தது. யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. ஆனால் சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பரவி, எனக்கு 'டிரைவரம்மா' என்று பட்டப்பெயர் விழுந்துவிட்டது. மாமி ஒருத்தி இருந்தாள், என்னைப் பார்க்கும்போதெல்லாம், 'டிரைவருக்கு மாப்பிள்ளை கிளீனராத்தான் பாக்கணும்' என்பாள். நான் பெரிய பிள்ளையான பிறகும் கல்யாண வீடுகளில் இதைச் சொல்லிச் சிரித்தாள். அதற்கப்புறம் யார் கேட்டாலும் நர்ஸ் என்று சொல்லிவிடுவேன். எல்லாரும் நல்லது நல்லது என்பார்கள். எனக்கு ரத்தத்தைப் பார்த்தால் தலைசுற்றும், அது வேறு விஷயம்.

மிச்சம் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். ப்ளஸ் டூ முடித்தேன், நர்சிங்குக்கு மார்க்கும் இல்லை, பணமும் இல்லை. டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்து, எம்ப்ளாய்மென்டில் பதிந்து, ரினியூவல் செய்து, காத்திருந்து, கல்யாணமாகித் திங்கள்சந்தைப் பக்கம் வந்தேன். அவர் கொத்தனார் (கிளீனர் இல்லை, மாமி ஏமாந்துபோனாள்). 1991-ல் அங்கன்வாடி வேலை கிடைத்தது. முதல் மாதம் தினமும் அழுதேன். சத்துமாவுக் கணக்கு, எடைக் கணக்கு, தடுப்பூசிக் கணக்கு, தராசுத் தொட்டிலில் குழந்தையைத் தொங்கவிட்டால் அது காலை உதறுகிற உதறலில் முள் எந்த எண்ணிலும் நிற்காது. அப்புறம் பழகிவிட்டது. அப்புறம் பிடித்தும்விட்டது, எப்போது பிடித்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

1993-ல்தான் அந்தச் செய்தி. எங்கள் மாவட்டத்திலேயே, வசந்தகுமாரி என்கிற பெண் அரசு பஸ் டிரைவராக வேலையில் சேர்ந்துவிட்டார் என்று பேப்பரில் போட்டோவோடு வந்தது. பக்கத்து வீட்டு அக்கா பேப்பரைக் கொண்டுவந்து, 'பாத்தியா, பொம்பளைக்கு வந்த காலத்த' என்று மூக்கில் விரல் வைத்தாள். தமிழ்நாட்டில் அரசு பஸ் ஓட்ட வந்த முதல் பெண் அவர். 2017-ல் ரிட்டயர் ஆகும்வரை ஓட்டினார்.

எனக்கு அன்றைக்குப் பெருமையாக இருந்தது என்று சொன்னால் பொய். வயிறு எரிந்தது. உண்மையைத்தான் எழுதுகிறேன். அதுவரை பெண் பஸ் ஓட்டச் சட்டத்திலேயே இடமில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கேயும் படிக்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை, நானாகவே நினைத்துக்கொண்டேன். சட்டம் தடுக்கிறது என்று நினைத்தபோது ஒரு நிம்மதி இருந்தது, நாம் என்ன செய்ய முடியும் என்று. இப்போது பார்த்தால் அப்படி ஒரு சட்டமும் இல்லை, நாலாம் வகுப்பில் முப்பது பிள்ளைகள் சிரித்ததைத்தான் நான் சட்டம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறேன். அவருக்குக் கல்யாணம் ஆகவில்லையோ, குடும்பம் இல்லையோ என்று ஒரு சாக்குத் தேடிப் பார்த்தேன், அதுவும் இல்லை, என்னைவிடப் பெரிய குடும்பம் அவருக்கு. ஒருநாள் நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டில் டிரைவர் சீட்டில் காக்கிச் சட்டையில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பதைத் தூரத்தில் பார்த்தேன். அவர்தான். கிட்டே போய் இரண்டு வார்த்தை பேசியிருக்கலாம். போகவில்லை. மகளுக்குப் பால் பாட்டில் வாங்க வேண்டும் என்று எதிர்ப்பக்கம் நடந்தேன். மகளுக்கு அப்போது நாலு வயது, பால் பாட்டிலை விட்டு வருஷக்கணக்காகிறது.

சரி, இப்போது நான் சொல்ல வந்த விஷயம்.

இத்தனை பட்டவள், என் சென்டருக்கு வந்த பிள்ளைகளிடம் ஜாக்கிரதையாக இருந்திருக்க வேண்டும் அல்லவா? 1996 வாக்கில் ஒரு பெரிய அதிகாரி பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. சுவரில் புதுப் படம் ஒட்டினோம், பாயைத் துவைத்துக் காயப்போட்டோம், பிள்ளைகளுக்கு முதல்நாளே ஒத்திகை வைத்தேன். வருகிறவர்கள் ஒரு பாட்டுப் பாடச் சொல்வார்கள், அப்புறம் என்னவாகப் போகிறாய் என்று கேட்பார்கள், இது எப்போதும் நடப்பது. அதனால் ஆண் பிள்ளைகள் டாக்டர், பெண் பிள்ளைகள் டீச்சர் என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டே வந்தேன். ஒரு பொடியன் மட்டும், 'நான் பனை ஏறுவேன்' என்றான். அவன் அப்பா பனையேறி. 'டாக்டர்னு சொல்லு மக்கா, வாறவங்க சந்தோசப்படுவாங்க' என்றேன். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, 'டாக்டர் எதுல ஏறுவாரு டீச்சர்?' என்று கேட்டான்.

நானும் ஆயாவும் விழுந்து விழுந்து சிரித்தோம். நாலாம் வகுப்பில் கேட்ட அதே சிரிப்பு. அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

மறுநாள் அதிகாரி வந்தார், பொடியன் கையைக் கட்டிக்கொண்டு டாக்டர் என்றான், அவர் கன்னத்தைத் தட்டி வெரி குட் என்றார். வாசலில் அவன் அப்பா நின்றுகொண்டிருந்தார், பிள்ளையைக் கூட்டிப்போக வந்தவர். இடுப்பில் அருவாப்பெட்டி, கையில் பனையில் சாய்த்து ஏறும் முருக்குத்தடி, பனையிலிருந்து இறங்கி நேராக வந்திருக்கிறார் போல. எல்லாம் கேட்டிருப்பார். எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. அவரோ, 'நல்லதத்தானே சொல்லிக்குடுக்கீய டீச்சர், நம்ம தொழில் நம்மளோட போட்டும்' என்றார்.

இந்த வார்த்தையை நான் முப்பது வருஷமாகச் சுமந்துகொண்டு திரிகிறேன். குழந்தையின் ஆசையைப் பெரியவர்கள் கெடுக்கிறார்கள் என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போக எனக்கு இதனால்தான் முடிவதில்லை. பனையேறுகிறவர் வீட்டுப் பெண்கள் அவர் காலையில் போய்ச் சாயங்காலம் இறங்கி வரும்வரை மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருப்பார்கள். விழுந்து செத்தவர்களை எனக்குத் தெரியும், விழுந்தும் சாகாமல் இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் கிடந்தவர்களையும் தெரியும். அக்கானியை, அதாவது பதநீரை, நாம் ருசித்துக் குடிக்கிறோம், கருப்புக்கட்டியை (கருப்பட்டியை) ஊருக்கு அனுப்புகிறோம், பெண் கொடுக்கும்போது மட்டும் பனையேறி வீடா என்று கேட்கிறோம். மகன் தன்னைப் போல ஆக ஆசைப்படுகிறான் என்று கேட்டு அந்த மனுஷருக்குச் சந்தோஷப்படக்கூட வழியில்லாமல் வைத்திருந்தது யார்? நான் அவனைத் திருத்தியது தப்பு, அவன் அப்பா அதை ஏற்றுக்கொண்டது தப்பில்லை. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் சரியாக இருக்கும் என்று என்னால் விளக்க முடியாது.

அந்தப் பொடியன் டாக்டர் ஆகவில்லை. ஐ.டி.ஐ. முடித்துக் கத்தாருக்குப் போனான். மூன்று வருஷத்துக்கு முன்னால் லீவில் வந்தபோது வழியில் பார்த்தேன், ஆளே தெரியவில்லை, தாடி, கூலிங் கிளாஸ். அவனாக வந்து காலைத் தொட்டான். என்ன வேலை என்று கேட்டேன். டவர் கிரேன் ஓட்டுகிறானாம். காலையில் ஏணியில் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டையும் மேலேயே முடித்துக்கொண்டு சாயங்காலம்தான் இறங்குவானாம். 'ஏறிட்டுத்தான் இருக்கேன் டீச்சர்' என்று சிரித்தான். அவனுக்கு அந்தப் பழைய கதை ஞாபகம் இருந்ததா, சும்மா வாயில் வந்ததா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அந்த அதிகாரி வந்துபோன பிறகு எப்போதிலிருந்து என்று தெரியவில்லை, ஒத்திகை வைப்பதை விட்டுவிட்டேன். யாராவது வந்து கேட்டால் பிள்ளைகள் வாய்க்கு வந்ததைச் சொல்லட்டும் என்று இருந்துவிடுவேன். ஒருமுறை அதற்காகப் பேச்சும் வாங்கினேன். ஆனால் எப்பேர்ப்பட்ட பதில்கள்! ஐஸ் விற்பேன் என்பான் ஒருத்தன், காரணம் கேட்டால், 'மிச்சம் வந்தா நானே திம்பேன்'. கோயில் திருவிழா முடிந்த வாரம் பாதிப் பேர் சிங்காரி மேளம் அடிக்கப் போவார்கள், கிறிஸ்துமஸ் முடிந்தால் பாதிப் பேர் ஃபாதர். ஒருத்தி ஆச்சி ஆவேன் என்றாள். ஆச்சி ஆகி என்ன செய்வாய் என்றதற்கு, 'கட்டில்ல இருந்துகிட்டு எல்லாரையும் ஏசுவேன்'. ரோடு வேலை நடந்த வருஷம் ஒரு பையன் ஜேசிபி ஆவேன் என்றான். ஜேசிபி ஓட்டுவேன் என்று சொல்லு என்று ஆயா திருத்தினாள். அவன் ஒத்துக்கொள்ளவில்லை. ஓட்டமாட்டான், ஜேசிபியாகவே ஆவான். கையை வளைத்து மண்ணை அள்ளிக் கொட்டிக் காட்டினான், பின்னால் போகும்போது வருகிற பீப் பீப் சத்தத்தோடு. கடைசி நாலைந்து வருஷமாக 'யூடியூப்ல வருவேன்' என்பதும் சேர்ந்துவிட்டது. நாலு வயதுப் பிள்ளைகளுக்கு சம்பளம் தெரியாது, மதிப்பு தெரியாது. எது அசைகிறது, எது சத்தம் போடுகிறது, யார் கையில் அதிகாரமாக ஒரு சாமான் இருக்கிறது, அதுதான் கணக்கு. யாருமே சொல்லிக்கொடுக்காமல் ஒரு பிள்ளைகூட இந்த 34 வருஷத்தில் கலெக்டர் என்று என்னிடம் சொன்னதில்லை. கலெக்டர் என்ன செய்வார் என்று பார்த்தால்தானே?

ஒன்றாம் வகுப்புக்குப் போய் ஒரு வருஷம் கழித்து அதே பிள்ளைகளை வழியில் பார்த்துக் கேட்பேன். டாக்டர். ஜேசிபி ஆகப் போனவனும் டாக்டர். பக்கத்தில் நிற்கும் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் சொல்வான்.

டிரைவர் மாமாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ரிட்டயர் ஆகி ரொம்ப வருஷம் கழித்து ஒரு துக்க வீட்டில் பார்த்தேன். முதுகு வளைந்துபோயிருந்தது. வருஷக்கணக்காக இன்ஜின் சூட்டில் இருந்ததும், ஒன்றுக்கு வந்தால் அடக்கிக்கொண்டு டிரிப் முடிக்கிறதும், உடம்பை என்ன செய்யுமோ எல்லாம் செய்துவிட்டது. உங்களைப் பார்த்துத்தான் மாமா எனக்கு டிரைவர் ஆசை வந்தது என்றேன். அவர் ஆச்சரியமாகப் பார்த்தார். 'எனக்கே அந்த ஆசை இல்லயே மக்கா. போஸ்ட்மேன் ஆகணும்னுதான் நெனச்சேன். சைக்கிள்ல போனமா, நாலு வீட்டுக் கதை கேட்டமா, அந்திக்கு வீட்டுல கஞ்சி குடிச்சமான்னு இருந்திருக்கலாம். இது ராத்திரி ராத்திரி எவன் ஊர்லயோ போய்க் கெடந்துட்டேன்' என்றார். எவன் ஊர் என்றது என் ஊரைத்தான். எங்கள் திண்ணையில் அவர் படுத்துக் கிடந்ததை நான் எவ்வளவு பெரிய பாக்கியமாக நினைத்திருந்தேன், அவருக்கு அது வீட்டை விட்டுக் கிடந்த ராத்திரி. ஒரு பெண் அந்தச் சீட்டில் உட்கார்ந்திருந்தால் இன்னும் எவ்வளவு பாடு என்பதும் தெரியாமல் இல்லை, நம் பஸ் ஸ்டாண்டுக் கழிப்பறைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

இருந்தாலும் ஆசை ஆசைதான். 54-வது வயதில் மகள் தூண்டிவிட்டு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். பஸ் இல்லை, சின்னக் கார். சொல்லித்தந்த பையனுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது, அவன் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு, முதல் பத்து நாள் அவன் கால் அதை விட்டு நகரவே இல்லை. கியர் போடும்போது என்னை அறியாமல் கிளட்சை இரண்டு தடவை மிதித்தேன். 'எதுக்கு ஆன்ட்டி ரெண்டு வாட்டி மிதிக்கிறீங்க, இந்த வண்டிக்கு ஒரு வாட்டி போதும்' என்றான். சிரட்டையில் பழகிய கால் அது, அவனுக்கு எங்கே தெரியும். ஏற்றத்தில் நிறுத்திப் பின்னால் உருளாமல் எடுப்பதில் இரண்டு தடவை தவறி, மூன்றாவது தடவை டெஸ்ட் பாஸ் ஆனேன். மார்த்தாண்டம் மேம்பாலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியக்காலையில் மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓட்டினேன். பின்னால் வந்த அரசு பஸ் டிரைவர் ஹாரன் அடித்தே கொன்றார். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக யாரிடமும் திட்டு வாங்கியதில்லை.

2021 மே மாதத்திலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆனது உங்களுக்குத் தெரியும். வேலைக்குப் போகிற பெண்களுக்கு மாதம் எவ்வளவு மிச்சம் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். எனக்கு அதில் ஒரு திருட்டு லாபம் உண்டு. ரிட்டயர் ஆன பிறகு மாதத்தில் ஒரு நாள், ஒரு வேலையும் இல்லாமல், ஏதாவது ஒரு வண்டியில் முன்னால் ஏறி டிரைவரின் கையும் காலும் தெரிகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்து போய்விட்டு அதே வண்டியில் திரும்பி வருவேன். இப்போது வருகிற வண்டிகளில் ஸ்டீயரிங் ஒரு விரலில் திரும்புகிறது, யாரும் எழுந்து நின்று இழுப்பதில்லை. ரோஜாப்பூ வைத்த கியர் தலையை ஒரே ஒரு வண்டியில் பார்த்தேன், டிரைவர் சொந்தக் காசில் வாங்கி மாட்டியிருந்தார். எதற்கும்மா அதையே பார்க்கிறீங்க என்று கேட்டார். நல்லா இருக்கு என்றேன்.

ஆசிரியர் அவர்களே, அந்தப் பக்கத்தை நிறுத்தச் சொல்லவில்லை. அடுத்த முறை ஏழாம் வகுப்புக்குப் போகாமல் ஏதாவது ஒரு அங்கன்வாடிக்கு உங்கள் நிருபரை அனுப்பிப் பாருங்கள். டீச்சரைக் கொஞ்சம் வெளியே நிற்கச் சொல்லுங்கள், பிள்ளையின் அம்மாவையும்தான். கேமராவைப் பார்த்தால் முதலில் அதைத் தொடத்தான் வருவார்கள், தொடவிடுங்கள், அப்புறம்தான் வாய் திறப்பார்கள். வந்த பதிலைத் திருத்தாமல் அப்படியே போடுங்கள், 'ஜேசிபி ஆவேன்' என்றால் ஜேசிபி ஆவேன் என்றே. காலையில் பதினொன்றரைக்கு முன்னால் வந்துவிட வேண்டும், சாப்பாடு போட்டுவிட்டால் எல்லாம் வரிசையாகத் தூங்கிவிடும். முட்டை போடும் நாளாகப் பார்த்து வந்துவிடாதீர்கள். அன்றைக்கு நீங்கள் என்ன கேட்டாலும் 'எனக்கு இன்னொண்ணு' என்றுதான் பதில் வரும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பணியாளர்,
திங்கள்சந்தை பகுதி, கன்னியாகுமரி மாவட்டம்.